சின்னப்பட்டம்

என் அக்காள் கண்ணாயியின் புருஷன் அப்பாசாமிக்கு இதயத்தில் அடைப்பு. மலையிறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்ச் சரிசெய்துகொண்டால் பிழைப்பார், இல்லையென்றால் எந்த நாளும் எதுவும் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாசாமி இறங்க மாட்டேன் என்றார். ஏனென்றால் அவருடைய அப்பா சாகக் கிடந்தார். அப்பா போனால் இவருக்குப் பட்டம் கட்டுவார்கள். அந்த நேரத்தில் மலையில் இல்லாவிட்டால் பட்டம் கைமாறிவிடும். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் தன் உயிரையும் ஒரு தலைப்பாகையையும் எடைபோட்டுப் பார்த்து, தலைப்பாகைதான் கனம் என்று முடிவு செய்தார். நான் அவருடைய மைத்துனன், பெயர் தனபால். வாழவந்தி நாட்டில் ஜீப் ஓட்டுகிறேன். அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுவேன் என்று மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பட்டம் என்றதும் அரண்மனை, யானை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பத்துப் பன்னிரண்டு ஊர் சேர்ந்தது எங்கள் மலையில் ஒரு நாடு. மேற்கரை நாடு என்று ஒன்று, அதற்கு ஒரு பட்டக்காரர். அவருக்குக் கோயிலில் முதல் விபூதி, கிடா வெட்டினால் ஒரு தொடை, கல்யாணத்தில் முதல் வெற்றிலை. கல்மேடையில் உட்கார்ந்து வழக்குத் தீர்க்கும் உரிமையும் உண்டு. வழக்குக்கு இப்போது எவன் வருகிறான்? ஆடு காணாமல் போனால் செம்மேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறான். ரோடு வேண்டுமென்றால் யூனியன் ஆபீசுக்குப் போகிறான். கல்மேடையில் நாய் படுத்திருக்கிறது. அதையும் யாரும் எழுப்புவதில்லை.

அப்பாசாமியின் அப்பா இருபது வயதில் பட்டம் கட்டிக்கொண்டவர். எல்லோரும் அவரைப் பெரியபட்டம் என்பார்கள். மூத்த மகனாகப் பிறந்த நாளிலிருந்து அப்பாசாமி சின்னப்பட்டம். தொட்டிலில் கிடந்தபோதும் சின்னப்பட்டம், தலை நரைத்துப் பல் விழுந்த பிறகும் சின்னப்பட்டம். பெரியவர் தொண்ணூறைத் தாண்டியும் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்புமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஊரில் இவர் வயதுக்காரர்கள் எல்லாம் தாத்தா ஆனார்கள், இவர் மட்டும் இளவரசராகவே இருந்தார்.

அந்த வேலையைத் தவிர வேறு எந்த வேலையும் அவர் செய்ததில்லை. ஏர் பிடித்தால் பட்டத்துக்கு ஆகாது. மிளகு பறிக்க மரத்தில் ஏறினால் ஆகாது. மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தொட்டால் ஆகவே ஆகாது. வாசலூர்பட்டியில் ஏரியில் படகு விட ஆரம்பித்தபோது, அங்கே வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் அலைந்து திரிந்து, காலில் விழாத குறையாகச் சொல்லிவைத்து அவருக்கு வாங்கி வந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் மாப்ள, நாளைக்கு நாட்டுக்கே தீர்ப்புச் சொல்லப் போறவன், ஊர்சுத்த வர்றவனுக்குக் கேட் தொறந்து உடறதா?" என்றார். அந்த வேலைக்குப் போனவன் இன்று மாடி வீடு கட்டியிருக்கிறான்.

ஆகையால் காட்டு வேலை முழுக்க என் அக்காள் தலையில். சாமை விதைப்பதும் அவள்தான், களை எடுப்பதும் அவள்தான், மிளகுக் கூடையைச் சுமந்துகொண்டு செம்மேட்டுச் சந்தைக்கு பஸ் ஏறுவதும் அவள்தான். மச்சான் வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, போகிறவன் வருகிறவன் கும்பிடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அவள் காட்டிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வெந்நீர் காய்ச்சி வைத்திருப்பார். யாரும் பார்க்காதபடி கொல்லைப்பக்கம் அடுப்பு மூட்டுவார், யாராவது வந்தால் அடுப்புக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி நகர்ந்து நிற்பார். அந்த ஒரு வெந்நீருக்கு என் அக்காள் தன் ஆயுசையே கொடுத்துவிட்டாள். எனக்கு அவரைவிட அவள்மேல்தான் கோபம் வரும்.

போன கார்த்திகையில் பெரியபட்டம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். இனி எழ மாட்டார் என்று தெரிந்ததும் நாட்டுப் பெரியவர்களான நாட்டார் கூடினார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து பெரியசாமி கோயிலில் தப்பட்டை அடிக்க ஆரம்பித்தார்கள். இது அவர்கள் வழக்கம். பெரியபட்டம் படுக்கையில் விழுந்துவிட்டால், அவர் கண் மூடுகிற வரைக்கும் தினமும் பொழுது சாயும்போது தப்பட்டை அடிப்பார்கள். பட்டத்துக்கு உரியவன் அந்தச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் சத்தம் எட்டாத இடத்தில் இருந்துவிட்டாலும் அவன் உரிமை போய்விடும், அடுத்த தம்பிக்குப் போகும். எந்தக் காலத்திலோ, சண்டையும் சச்சரவுமாக இருந்தபோது, எவனோ ஒரு பாட்டன் போட்ட சட்டம். அந்தப் பாட்டனுக்கு நெஞ்சு வலித்ததில்லை போலிருக்கிறது.

தப்பட்டை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்தார். நான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அது பக்கத்து ஊர்தான், தப்பட்டைச் சத்தம் எட்டும் தூரம், அதனால் வந்தார். அங்கே ஜெனிபர் என்று ஒரு டாக்டரம்மா, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார், என்னை வெளியே கூப்பிட்டார்.

"இன்னைக்கே கீழ கூட்டிட்டுப் போயிருங்க. இங்க இதுக்கு மேல வசதி இல்ல. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார்."

நான் உள்ளே போய் மச்சானிடம் சொன்னேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "பொழுது சாயப் போவுது. ஊட்டுக்கு வண்டிய உடு" என்றார். டாக்டரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, அவருக்குப் புரிஞ்சுதா இல்லையா?" என்று கேட்டார். புரியாமல் என்ன, எல்லாம் புரிந்துதான் புறப்பட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கெஞ்சாத நாள் இல்லை. ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்த அவர் மகள் கவிதா தினமும் போனில் அழுவாள். "எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க மாமா" என்பாள். செம்மேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தம்பி அர்த்தனாரி, கடையைச் சாத்திவிட்டு நேரில் வந்தார். "அண்ணா, அந்தத் தலைப்பாகை எனக்கு வேண்டாம். பெரியசாமி மேல சத்தியம். நீ போய் ஒடம்பப் பாத்துட்டு வா, உன்னுது உனக்குத்தான்" என்றார். மச்சான் அவரை வழியனுப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "பாத்தியா மாப்ள, சத்தியம் பண்ற அளவுக்கு வந்துட்டான். ஆசை இல்லாதவன் எதுக்குச் சத்தியம் பண்றான்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அக்காள் ஒருநாள் அடுப்படியில் அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். "ஏனுங்க, பட்டம் போனாப் போவுது. இத்தன வருசம் அது இல்லாமதான இருந்தோம். எனக்கு நீங்க வேணும். வாங்க போலாம்." அவள் வாழ்க்கையில் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைத்தான் கேட்டாள். மச்சானுக்கும் முகம் மாறியது. ஆனால் மாறினபடியே சொன்னார்: "பட்டத்துப் பொண்டாட்டி பேசற பேச்சா கண்ணு இது?"

அதே வீட்டின் உள்ளறையில் படுக்கையில் இருந்த பெரியவரோ நாளுக்கு நாள் தெளிந்துகொண்டு வந்தார். முதல் வாரம் கஞ்சி, மூன்றாவது வாரம் களி, தை பிறந்ததும் கோழிக் குழம்பு. காது மட்டும் மந்தம். அவருக்காக அடிக்கிற தப்பட்டை அவருக்கே கேட்காது. இன்றைக்கு முடிந்துவிடும் என்று இரண்டு முறை நாட்டார் வந்து கூடினார்கள். இரண்டு முறையும் கண்ணைத் திறந்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தீர்களா என்று விசாரித்தார். என் அக்காள்தான் ஊட்டிவிடுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம். புருஷன் உயிருக்குக் குறுக்கே படுத்திருக்கிறவருக்கு வேளை தவறாமல் சோறு போட்டு உரமேற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்துப் புத்தியை என்னவென்று சொல்வது?

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கோயில் பக்கத்துப் பலாமரத்தடியில் செல்போன் சிக்னல் நன்றாகவே கிடைக்கும். மச்சானை நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது. சாயங்காலம் தப்பட்டை அடிக்கும்போது இங்கிருந்து போன் போட்டுப் பிடிப்பது, அங்கே அவர் காதில் வைப்பது. சத்தம் காதில் விழ வேண்டும் என்றுதானே சட்டம்? விழட்டும்.

நாட்டாரைக் கூட்டி இதைச் சொன்னேன். சிரித்துத் துரத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் என்னைவிட மேல். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உண்மையாகவே விசாரணையில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் போனை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இன்னொருவர், போனில் வருவது சத்தமா அல்லது சத்தத்தின் படமா என்று கேட்டார். அதற்கு ஒரு மணி நேரம் போனது. பிறகு சோதனை. ஒருவர் தப்பட்டையடியில் நின்றார். ஊர்க்கவுண்டர் செங்கோடன் என் இன்னொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, நேரில் சத்தம் கேட்காத பள்ளம் வரைக்கும் என் ஜீப்பில் வந்தார். கேட்டது. திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அடிக்கறது நம்ம தப்பட்டை. உழுவறது அவுரு காதுல. நடுவால என்ன இருக்கோணும்னு பாட்டன் ஒண்ணும் சொல்லலீங்க. போய்ட்டு வரட்டும்."

எல்லோரும் சரி என்றார்கள். என்னால் நம்ப முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவர் காலிலும் விழுந்துவிடலாம் போலிருந்தது. ஜீப்பை விரட்டிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய் வாசலிலிருந்தே கத்தினேன். அக்காள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி, அவருடைய வேட்டி சட்டையைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போதே நாமக்கல்லுக்குக் கிளம்புவதாகச் சொன்னாள்.

மச்சான் நாற்காலியை விட்டு அசையவில்லை. "போன்லயா?" என்றார்.

"ஆமாங்க மச்சான். நாட்டாரே ஒத்துக்கிட்டாங்க."

"அவுங்க ஒத்துக்குவாங்க. பின்னால பேசறது எவன்? கல்மேடையில நான் உக்காரும்போது, கீழ நிக்கறவன் காதோட காதாச் சொல்லுவான், 'இவுரு போன்ல பட்டம் வாங்குனவரு'ன்னு. எங்கப்பன் அப்படியா வாங்குனாரு? எங்க தாத்தன் அப்படியா வாங்குனாரு? முழுசா வந்தா வரட்டும். அரைகொறையா எனக்கு வேண்டாம்."

கல்மேடையில் நாய்தான் படுத்திருக்கிறது, கீழே நிற்பதற்கு ஆளே இல்லை என்று கத்தினேன். சுத்தக் கிறுக்கன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். ஒரு கூடை மிளகு பறித்திருப்பாயா, ஒரு முழம் வரப்புக் கட்டியிருப்பாயா, உனக்கு எதற்கு முழுசு என்று கேட்டேன். அக்காள் பையோடு நிலைப்படியில் நின்று, "தனபாலு, போதும் சாமி" என்றாள். மச்சானுக்குக் கோபமே வரவில்லை. சின்னப்பட்டத்துக்குக் கோபம் வரக்கூடாதாம், தீர்ப்புச் சொல்கிறவன் நிதானமாக இருக்க வேண்டுமாம். ஒரு வேலையும் தெரியாத மனிதர் அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தார். அக்காள் பையிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், தப்பட்டை அடிக்கத் தொடங்கிய நேரம், மச்சான் விழுந்தார். இந்த முறை எழுந்து உட்காரவே இல்லை. அக்காள் போன் போட்டாள். நல்ல வேளையாக நான் பக்கத்திலேயே இருந்தேன். அவரை ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்தேன், அவர் தலையை அக்காள் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நேராக நாமக்கல்லுக்கே இறக்குங்கள், வழியில் எதிரே ஆம்புலன்ஸ் வரச் சொல்கிறேன் என்றார். கோயிலிலிருந்து ஓடி வந்த ஊர்க்கவுண்டர் செங்கோடனும் உதவிக்கு என்று ஏறிக்கொண்டார்.

கொண்டை ஊசி வளைவுகளில் நான் அப்படி ஓட்டியதில்லை. மேலே தப்பட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு ஒரு வளைவு திரும்பினதும் பாறை மறைத்து, இஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. அப்போது மச்சான் கண்ணைத் திறந்தார்.

"கேக்குதா?" என்றார்.

அக்காள் அவர் காதருகே குனிந்தாள். "நல்லாக் கேக்குதுங்க. அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறாங்க."

செங்கோடன் பின்னால் இருந்து சொன்னார்: "எனக்கு ஒண்ணும் கேக்கலியே கண்ணாயி. அந்த வளைவோட நின்னு போச்சு."

வண்டியை நிறுத்தி அந்த ஆளைப் பள்ளத்தில் தள்ளிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. வண்டியை நிறுத்த நேரமில்லை, அதனால்தான் அவர் தப்பித்தார். மச்சான் அக்காளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரப் பையன்கள் வந்து பார்த்துவிட்டு, திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

மறுநாள் எடுப்பதற்கு முன்னால் நாட்டார் கூடினார்கள். சின்னப்பட்டமாக இருக்கும்போதே இறந்தவருக்குக் கொம்பு ஊதி, பச்சைப் பட்டுப் போர்த்தி எடுப்பது வழக்கம். பட்டும் தயாராக இருந்தது. செங்கோடன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "மனசாட்சிக்கு உரோதமாப் பேசப்படாது பாருங்க. சத்தம் நின்னப்பறமும் அவுருக்கு மூச்சு இருந்துச்சு. நான் கூடவே இருந்தேன். அப்பவே உரிமை அர்த்தனாரிக்குப் போயிருச்சு. செத்தது சின்னப்பட்டம் இல்லீங்க, சும்மா அப்பாசாமிதான்."

கூட்டத்தில் தலைகள் ஆடின. அர்த்தனாரி மட்டும் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு எதுவும் வேண்டாம், அண்ணனுக்கு ஊதுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அவரை யாரும் சட்டை செய்யவில்லை. போனில் விழுகிற சத்தத்துக்கு ஒத்துக்கொண்ட இதே வாய்கள், ஒரு பிணத்துக்குக் கொம்பு ஊத மறுத்தன. வாழ்நாள் முழுக்க அவர் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாமல் காத்துக் கிடந்தது இவர்கள் ஒருநாள் கும்பிடுவார்கள் என்றுதான்.

என் அக்காள் உள்ளே போய்த் தன் கல்யாணத்துக் கூரைப்புடவையைக் கொண்டுவந்து அவர் மேல் போர்த்தினாள். "எடுங்க" என்றாள். நானும் அர்த்தனாரியும் முன்னால் தோள் கொடுத்தோம். கொம்பு இல்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

பெரியபட்டத்திடம் யாரும் சொல்லவில்லை. அதிர்ச்சியில் உயிர் போய்விட்டால் இரண்டு சாவு ஒரே வீட்டில் ஆகுமே என்று நாட்டார் பயந்தார்கள். வாசலில் அத்தனை ஒப்பாரியும் அவர் காதுக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், நான்தான் எங்கள் வீட்டிலிருந்து களியும் கோழிக் குழம்பும் கொண்டுபோயிருந்தேன். பெரியவருக்குத்தான் கோழி, மற்றவர்கள் யாருக்கும் இறங்கவில்லை. செங்கோடனும் இன்னும் இரண்டு பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் வழக்கம்போல ஒவ்வொரு உருண்டையாகக் குழம்பில் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் தாலி இல்லாததை அவர் கவனித்தாரோ என்னவோ, மென்றுகொண்டே கேட்டார்.

"அப்பாசாமி எங்க? ரெண்டு மூணு நாளா ஆளக் காணோம்."

செங்கோடன் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அக்காள்தான் அவர் காதுக்குப் பக்கத்தில் போய் உரக்கச் சொன்னாள். "போயிட்டாருங்க மாமா. செத்துப் போயிட்டாரு."

பெரியபட்டம் மெல்லுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் நெஞ்சையே பார்த்தார்கள். அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

"அவனுக்கு அப்படி என்ன அவசரம்?" என்றார்.

செங்கோடன் ஆமாம் என்பதுபோல் உச்சுக் கொட்டினார். அக்காள் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். அவர் காதுக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாளோ, வாசலில் இருக்கிற நாட்டுக்கே கேட்க வேண்டும் என்று சொன்னாளோ, அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அவுருக்கு அவசரம்னு ஒண்ணு இருந்திருந்தா இன்னிக்கி உசுரோட இருந்திருப்பாருங்க மாமா."

அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. மிச்சமிருந்ததை மென்று விழுங்கினார். இரண்டு சொட்டுக் கண்ணீர் வந்தது, அதை அவரே துடைத்துக்கொண்டார். பிறகு தட்டைப் பார்த்து, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து கண்ணு" என்றார்.

"தீந்து போச்சுங்க" என்று சொல்லிவிட்டு அக்காள் எழுந்து வெளியே போனாள். கொண்டுவந்தவன் நான். சட்டியில் பாதிக்கு மேல் இருந்தது.